ஜவ்வாது மலையும் சைக்கிள் சக்கரமும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகிற சாலை, கரும்புக் கொல்லைகளையும் நெல்வயல்களையும் ஏரிக்கரைகளையும் பின்னே விட்டுவிட்டு, மலையின் காலைத் தொட்டு மெல்ல நிமிரத் தொடங்குகிற இடத்தில், சமவெளியிலிருந்து சைக்கிளில் வந்தவன் எத்தனை பலசாலியாயினும் பெடலை விட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். அதுவரை அவனைச் சுமந்துவந்த வண்டியை அதற்குமேல் அவன் தள்ளிக்கொண்டு போகிறான். காரியரில் மூட்டை இருந்தால், ஒரு கையை ஹேண்டில் பாரிலும் மறு கையை மூட்டையின்மீதும் வைத்து, உடம்பை முன்னே சாய்த்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நின்று மூச்சு வாங்கி, கீழிருந்து பஸ்ஸின் ஹாரன் ஓசை கேட்டதும் சாலையோரத்துச் சரளையில் ஒதுங்கி நிற்கிற அந்த மனிதனைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம், நம் அரசாங்கங்கள் சைக்கிளுக்காகச் செய்தவையும் செய்யாமல் விட்டவையும் ஒரு சரித்திரமாக என் மனத்தில் விரிகின்றன. சமவெளியில் கண்ணுக்குப் படாமல் கிடக்கிற ஒரு குறை, மலையில் ஒளிய இடமின்றி வெளிப்பட்டு விடுகிறது: வண்டியைப் பற்றி நினைத்த அளவுக்கு வழியைப் பற்றி நாம் நினைக்கவில்லை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையான ஜவ்வாது மலை, இன்றைக்குத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்ற மூன்று மாவட்டங்களின்மீது படுத்துக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாட்டுப் பெயர் தாங்கிய ஊர்களைச் சுற்றியும், மலையாளிகள் என்று அழைக்கப்படுகிற மலைவாழ் மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, புளியும் பலாவும் கடுக்காயும் தேனும் சேர்த்து வாழ்கிறார்கள். (பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தோடு இணைத்துவிட வேண்டாம், மலையைச் சேர்ந்தவர்கள் என்பதால் வந்த பெயர் அது, பேசுவது தமிழ்.) அவர்கள் விளைவித்தது சந்தைக்குப் போவதும், அவர்களுக்கு வேண்டிய உப்பும் துணியும் மேலே வருவதும், தலைமுறை தலைமுறையாகத் தலைச்சுமையாகவும் கழுதை முதுகிலுமே நடந்துவந்தன.

வழியில் போகிறவனுடைய பாதுகாப்பைப் பற்றிய சிந்தனை இந்தப் பிரதேசத்துக்குப் புதியதன்று. மலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள செங்கம், சங்க காலத்தில் நன்னன் சேய் நன்னன் என்பவனுடைய தலைநகரம். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி காட்டுவதாகப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை நூல். இந்த மலையில் பிறந்து செங்கத்தின் வழியே ஓடுகிற சேயாறு அந்த நூலிலும் ஓடுகிறது. மன்னனுடைய புகழைப் பாடுவதற்கென்று எழுந்த அந்நூலில் கணிசமான பகுதி வழியின் அபாயங்களைச் சொல்வதில் செலவாகிறது என்பதைத் தமிழ் படித்தவர்களும் ஊன்றிக் கவனிப்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் பாதையில் இருக்கும். தினைப்புனத்துக் காவலர்கள் யானையை ஓட்டுவதற்காகக் கவணில் வைத்து எறிகிற கல் மரங்களில் பட்டுத் தெறித்து வரும். வழுக்குகிற இடங்களில் கொடியைப் பற்றிக்கொண்டு போகவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிற புலவர், பாதை கிளை பிரிகிற இடத்தைத் துடைத்துச் செம்மை செய்து, பின்னால் வருகிறவர்கள் அறியும்படி புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறார். முன்னே போகிறவனுக்குப் பின்னே வருகிறவனிடத்தில் ஒரு கடமை உண்டு என்ற அந்த எண்ணத்தை, சாலை விதிகளைப் பற்றி நான் படித்த வேறு எதிலும் இவ்வளவு எளிமையாகக் கண்டதில்லை.

அந்த ஒற்றையடிப் பாதைகள் சாலைகளானது மலைவாசிகளுக்காக மட்டும் நிகழவில்லை. சந்தனத்தையும் மற்ற மரங்களையும் கீழே கொண்டுவரக் காட்டிலாகா வழி வெட்டியது. வானத்தைப் பார்ப்பதற்கு இருள் தேடி வந்த விஞ்ஞானிகளுக்காகவும் வழி செப்பனிடப்பட்டது. வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர் 1960களின் பிற்பகுதியில், ஆலங்காயத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்து அங்கே தொலைநோக்கியை நிறுவினார். 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே இயங்கத் தொடங்கி, அவர் பெயரையே பெற்றது. லாரியும் ஜீப்பும் ஏறுவதற்காகப் போட்ட சாலையில் பஸ்ஸும் ஏறிற்று. பஸ் ஏறிய சாலையில், கடைசியாக, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத விருந்தாளியாகச் சைக்கிளும் ஏறிற்று.

ஜான் கெம்ப் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் 1885இல் இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டுகிற வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பு இருந்த ஆளுயரச் சக்கர வண்டியிலிருந்து தலைகுப்புற விழுந்தவர்கள் ஏராளமாக இருந்தபடியால், புதிய வண்டியைப் பாதுகாப்புச் சைக்கிள் என்றே அழைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் அது முதலில் துரைமார்களுக்கும், பின்னர் வக்கீல்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும், கல்யாணத்தில் சீராகக் கேட்கத் துணிந்த மாப்பிள்ளைகளுக்கும் உரிய வஸ்துவாக இருந்தது. சுதந்தரம் வந்த பிறகு அரசாங்கம் சைக்கிள் தொழிலை ஊன்றி வளர்த்தது. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில், முருகப்பா குடும்பத்தார் ஓர் ஆங்கிலக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையை நிறுவினார்கள். ஹெர்குலிஸ் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தக் கிரேக்க வீரனை அறியாதவர்களின் நாவிலும் புழங்கலாயிற்று. முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் சைக்கிள்களே உற்பத்தியாயின. அத்திட்டம் முடிந்தபோது உற்பத்தி சுமார் 5 லட்சமாக வளர்ந்திருந்தது. அரசாங்க ஊழியர்களுக்குச் சைக்கிள் வாங்க முன்பணம் கொடுத்தார்கள். தபால்காரர் போன்றவர்களுக்குச் சைக்கிள் படி கொடுத்தார்கள். சைக்கிளை ஊக்குவிக்கும் சர்க்கார் கொள்கை என்று ஒன்று அப்போது இருந்ததென்றால், அது சம்பளப் பட்டியலின் ஒரு பத்தியில் அடங்கிக் கிடந்த இந்தச் சிறு தொகையே. ஆயினும் அந்தச் சிறு தொகை எத்தனை வீட்டு வாசல்களில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திற்று என்பதை என் பிராயத்தினர் அறிவார்கள்.

ஆனால் அதே சர்க்கார் மறு கையால் சைக்கிளிடம் வரி வாங்கிற்று. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் வண்டிகளுக்கு விதித்த வரியில் சைக்கிளும் அடங்கிற்று. ஆண்டுதோறும் பணம் கட்டி, அதற்கு அடையாளமாக ஒரு தகர வில்லையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வருஷ ஆரம்பத்தில் ஊர் எல்லையிலும் சந்தை வழியிலும் வரி வசூலிப்பவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால், வில்லை வாங்காத சைக்கிள்கள் வயல்வரப்புகளின் வழியாகத் தோளில் ஏறிப் பிரயாணம் செய்யும். இருட்டிய பிறகு விளக்கு வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. டைனமோ வாங்க வசதியில்லாதவன் சிறு மண்ணெண்ணெய் விளக்கை முன்னால் மாட்டினான். அதுவும் இல்லாதவன், போலீஸ்காரர் நிற்கிற முச்சந்திக்கு முன்பாகவே இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, அப்பால் போய் ஏறிக்கொண்டான். ஒரு வண்டியில் இருவர் போவதற்கு டபுள்ஸ் என்று பெயர். அதற்கும் அபராதம் இருந்தது. மனைவியைக் காரியரில் உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவனும் அந்த அபராதத்துக்குத் தப்பவில்லை.

இந்தக் கட்டளைகளை அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. இரவில் விளக்கில்லாத வண்டி ஓட்டுகிறவனுக்கும் எதிரே வருகிறவனுக்கும் ஆபத்தே. டபுள்ஸ் போகும் வண்டி பிரேக் பிடிப்பதற்கு அதிகத் தூரம் வேண்டும் என்பதும் உண்மையே. நான் வருந்துவது வேறொன்றுக்காக. சைக்கிள்காரனுடைய பாதுகாப்பு என்ற பெயரில் சுதந்தரத்துக்குப் பின் வந்த அரை நூற்றாண்டில் இயற்றப்பட்டவை யாவும் அவன் செய்யவேண்டியவற்றைச் சொல்லினவே யன்றி, அவனுக்காகச் சாலை செய்யவேண்டியதை ஒரு வரியிலும் சொல்லவில்லை. வாங்கிய வரியிலிருந்து நான்கு முழ அகலத்தில் ஓர் ஓரப்பாதை அவனுக்கென்று எழுந்ததை நான் கண்டதில்லை.

சைக்கிளின் சரித்திரத்தில் தமிழ்நாடு தலைநிமிர்ந்து நின்ற ஒரு காலம் உண்டு. அது சென்னையில் நிகழவில்லை. வறண்ட பூமியான புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. 1991இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கி, எழுத்தறியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் இரவு நேரங்களில் சிலேட்டோடு உட்கார்ந்தபோது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் ஒரு பாடமாக்கினார். பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண் தொண்டர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகவேண்டுமானால், அண்ணன் தம்பியின் தயவையோ பஸ்ஸின் தயவையோ எதிர்பார்த்திருந்தால் இயக்கம் நின்றுவிடும் என்பதே அதன் ஆரம்பக் காரணம். ஆனால் அந்தக் காரணத்தைத் தாண்டி விஷயம் ஓடிற்று. கல் குவாரியில் உடைப்பவர்களும், வயலில் கூலி செய்பவர்களும், ஆசிரியைகளும், அங்கன்வாடி ஊழியர்களும் பொழுது சாய்ந்த பிறகு வெட்டவெளிகளில் விழுந்து எழுந்து பழகினார்கள். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளைக் கலெக்டர் வற்புறுத்தினார். பெண்களுக்கென்று செய்த, நடுவில் பார் இல்லாத சைக்கிள்கள் கடைகளில் போதவில்லை. கிடைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினார்கள். அதிலும் பாரின்மீது குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்ற சௌகரியத்தைக் கண்டு அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992ஆம் வருஷத்து மகளிர் தினத்தன்று, 1,500க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியை அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே சென்று, அந்த மாவட்டத்தில் லட்சம் பெண்கள் சைக்கிள் பழகிய கதையை எழுதி உலகறியச் செய்தார்.

தலையில் குடத்தையும் இடுப்பில் குழந்தையையும் சுமந்து, கணவன் வருகிறவரை பஸ் நிறுத்தத்தில் காத்துக் கிடந்த ஒரு ஸ்திரீ, தன் நேரத்துக்குத் தானே சொந்தக்காரியாகிறாள் என்பதன் பொருளை ஆண்கள் எளிதில் உணர்வதில்லை. காலையில் விளைபொருளை ஒரு கிராமத்தில் விற்று, அடுத்த கிராமத்துக்கு ஓட்டிச் சென்று அங்கும் விற்று, குழந்தைக்குப் பாலூட்டும் வேளைக்கு வீடு திரும்புவது பஸ்ஸால் முடியாது, சைக்கிளால் முடிந்தது. ஓர் அரசாங்கம் சைக்கிளை ஊக்குவிப்பதென்றால் எப்படி இருக்கவேண்டும் என்று யாராவது கேட்டால், புதுக்கோட்டையைத்தான் நான் காட்டுவேன். அங்கே வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், கடனுக்கு வழி செய்தார்கள், ஊராரின் ஏளனத்துக்கு எதிராகப் பக்கத்தில் நின்றார்கள்.

அந்த மரபின் தொடர்ச்சியாகவே, 2001-02ஆம் ஆண்டில் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது வந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைக் கருதவேண்டும். முதலில் மேல்நிலை வகுப்புக்கு வந்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அத்திட்டம் படிப்படியாக விரிந்து, 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிற மாணவர் மாணவியர் எல்லாருக்கும் உரியதாயிற்று. பிகார் மாநிலத்தில் 2006இல் பெண்களுக்கு இதைப் போன்ற திட்டம் வந்தபோது, கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்ததென்றும், பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் அந்தப் பயன் அதிகமென்றும் கண்டார்கள். தூரமே பெண்ணின் படிப்புக்குச் சத்துரு. அந்தத் தூரத்தைச் சக்கரம் சுருக்கிற்று.

இனி மலைக்கு வருகிறேன். ஜவ்வாது மலையில் பள்ளிகள் இல்லாமல் இல்லை. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. வேறெங்கும் அதிகம் காணாத விசேஷமாக, காட்டிலாகாவே நடத்துகிற பள்ளிகளும் இங்கே உண்டு. ஆனால் சைக்கிள் வந்து சேர்வது பதினொன்றாம் வகுப்பில். அந்த வகுப்பை எட்டுவதற்குள், ஓடை தாண்டியும் காட்டுப்பாதை நடந்தும் பள்ளிக்கு வந்த குழந்தைகளில் பலர் நின்றுவிடுகிறார்கள். மரம் வெட்டவோ கட்டட வேலைக்கோ தகப்பனோடு வெளியூர் போய்விடுகிறார்கள். எட்டிய பிள்ளையும் பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிக்கிறது. அதற்கு வண்டி வேண்டியது விடுமுறைக்கு ஊர் போகும்போதுதான். சமவெளிக் கிராமத்துப் பெண்ணுக்கு நாள்தோறும் கைகொடுக்கிற அதே வண்டி, இங்கே பல வீடுகளில் கூரைச் சார்ப்பின் கீழ் காத்துக் கிடக்கிறது. மலை வேறு, சமவெளி வேறு என்ற ஞானம் சர்க்காருக்கு இல்லாமல் போகவில்லை. மலைப் பிரதேசத்துப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் கணுக்கால் வரை மூடுகிற பூட்ஸும் கொடுக்கிற திட்டம் நம் மாநிலத்தில் உண்டு. நடக்கிற குழந்தையின் காலை நினைத்த அந்த மனம், உருள்கிற சக்கரத்தைப் பற்றியும் நினைத்திருக்கலாம் அல்லவா?

நினைக்கவேண்டியது அதிகமொன்றும் இல்லை. திட்டத்தில் கிடைக்கிற வண்டி, சமதரையில் ஓடுவதற்கென்று செய்த, ஒரே கியர் உள்ள, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள, உறுதியான வண்டி. அதன் பிரேக் என்பது, இரும்பு ரிம்மின்மீது இரண்டு ரப்பர் கட்டைகள் அழுந்துவதுதான். உலர்ந்த ரிம்மில் நன்றாகப் பிடிக்கிற அந்தக் கட்டை, மழையில் நனைந்த ரிம்மில் வழுக்கிவிடும். நீண்ட இறக்கத்தில் இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் கட்டை தேய்கிறது, கம்பி தளர்கிறது, கை மரத்துப் போகிறது. சமவெளியில் ஒரு வருஷம் வருகிற பிரேக் கட்டை மலையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. எனவே மலைப் பள்ளிக்குச் சைக்கிள் அனுப்புகிறவர்கள் அதோடு மாற்றுக் கட்டைகளையும், அவற்றை மாட்டத் தெரிந்த ஒருவரையும் அனுப்பவேண்டும். மலைமேல் சைக்கிளே உதவாது என்றும் சொல்லிவிடக் கூடாது. ஏறி முடித்த பிறகு மேலே விரிகிற பூமி ஏற்ற இறக்கங்களோடு கூடிய மேட்டு நிலம். அங்கே ஒரு சிற்றூரிலிருந்து மற்றொன்றுக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரேஷன் கடைக்குப் போக அதைவிடச் சிறந்த துணை ஏழைக்கு வேறில்லை. அந்த மேட்டு நிலத்துச் சாலைகளில்தான் குரங்குப் பெடல் போட்டுப் பழகுகிற சிறுவர்களைப் பார்த்திருக்கிறேன்: பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, உடம்பை வில்லாக வளைத்து, தலை ஹேண்டில் பாருக்கு மேல் எட்டாமல், உலகத்தையே வென்ற முகத்தோடு. மணி வாடகைக்குச் சைக்கிள் எடுத்து அப்படியே பழகிய என் தலைமுறை, அந்த முகத்தை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

சட்டத்தின் சரித்திரத்தையும் சொல்லவேண்டும், அது சுருக்கமானது. 1939இலும் பிறகு 1988இலும் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டங்கள், பெயருக்கு ஏற்ப, மோட்டாரைப் பற்றியே பேசின. மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று நம் சாலை விதிகளில் அழகான ஒரு விதி உண்டு. ஆனால் ஏறுகிற வண்டி சைக்கிளாக இருந்தால் அந்த விதி நடைமுறையில் தலைகீழாகிவிடுகிறது. வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006இல் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிற்று. நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கை ஒன்றைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்டு, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை அதற்கென்று ஒதுக்குவதாகவும் உரைத்தது. இரண்டும் நகரத்தின் கொள்கைகள். மலையடிவாரத்துக்கு அவற்றின் நிழல் எட்டவில்லை.

எட்டக்கூடிய ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. விபத்துகளில் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்து வந்த மருத்துவர் எஸ். ராஜசேகரன், அறுவை மேஜையோடு தம் கடமை முடிந்துவிட்டதாகக் கருதாமல், சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்து, மாநிலங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கிற்று. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, நடப்பவர்களையும் மோட்டார் இல்லாத வண்டிகளையும் குறித்து மாநில அரசுகள் விதிகள் செய்யலாம் என்று 138ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில், அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் செய்யும்படி மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. ஒரு மருத்துவர் தொடுத்த வழக்கு, 13 ஆண்டுகள் கழித்துச் சைக்கிளை வந்தடைந்தது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் சைக்கிளில் போனவர்கள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல். கூலி வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்குப் போனவர்கள். பத்திரிகையில் ஒரு சிறு செய்தியாக முடிந்துபோனவர்கள்.

சைக்கிளுக்குப் பேர்போன ஹாலந்து தேசம் பிறவியிலேயே அப்படி இருந்ததாக நம்மவர் எண்ணுகிறார்கள். அங்கேயும் மோட்டார் பெருகி, 1971ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3,300 பேர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று பெற்றோர்கள் அடுத்த ஆண்டில் இயக்கம் தொடங்கி, வீதிகளில் உட்கார்ந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பின்னரே அத்தேசம் சைக்கிளுக்கென்று தனி வழிகளைப் பெருக்கலாயிற்று. ஹெல்மெட்டைக் குழந்தையின் தலையில் மாட்டிவிட்டு மோட்டாருக்குச் சாலையை ஒப்படைக்கவில்லை. சாலையின் ஒரு பகுதியைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் அரசாங்கம் 2020இல் சைக்கிள்களில் பொருத்துகிற ஒளி திருப்பும் சிவப்பு, வெள்ளைப் பட்டைகளின் தரத்துக்கு ஆணை பிறப்பித்தது. நல்ல காரியம், உயிர்களைக் காக்கும். ஆனால் எதிரே வருகிற லாரியின் விளக்கு இருந்தால்தான் அந்தப் பட்டை ஒளிரும். மலைவளைவில் லாரி திரும்பி, விளக்கு விழுந்து, பட்டை ஒளிர்ந்து, ஓட்டுநர் கண்டு, பிரேக்கை மிதிக்கிற அந்தச் சில விநாடிகளில் ஒதுங்குவதற்கு ஓரத்தில் இடம் வேண்டும்.

ஜவ்வாது மலைச்சாலையின் ஓரம் எத்தகையது என்பதை 2022 ஏப்ரலில் இந்த நாடு ஒரு தடவை கண்டது. திருப்பத்தூர்ப் பக்கத்தில் செம்பரை மலைக்கோயிலுக்குப் போன ஒரு வண்டி பள்ளத்தில் உருண்டு, மலைக்கிராமத்துப் பெண்களும் சிறுமிகளும் மாண்டார்கள். நான்கு சக்கர வண்டியைத் தாங்காத ஓரம் இரண்டு சக்கரத்தைத் தாங்குமென்று எப்படி எதிர்பார்ப்பது? தடுப்புச் சுவரும், மழைநீர் வழிந்தோடும் கால்வாயும், ஏற்றத்தில் வண்டி தள்ளுகிறவன் ஒதுங்க வளைவுதோறும் பத்தடி நிலமும் கேட்பது ராஜபோகம் கேட்பதாகாது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இளைஞர்கள், எடை குறைந்த கியர் சைக்கிள்களில் தலைக்கவசத்தோடு இந்த மலைக்கு வருகிறார்கள். தேகப் பயிற்சிக்காகவும் காட்டின் அழகுக்காகவும் வருகிற அவர்களை நான் மனமார வரவேற்கிறேன். சைக்கிளுக்கு வழி கேட்கும் குரல் நகரத்திலிருந்தும் எழுமானால் அதிகாரிகளின் காதில் சீக்கிரம் விழும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, மழை நின்று பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஜமுனாமரத்தூருக்குக் கீழே ஒரு வளைவில் நான் நின்றிருந்தேன். அப்படி வந்த இளைஞர்கள் இருவர் கீழே இறங்கிப் போனார்கள். சற்று நேரம் கழித்து, பள்ளியில் கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்ணும் அவளுடைய தகப்பனாரும் மேலிருந்து வந்தார்கள். இறக்கம்தானே, ஏறி ஓட்டலாமே என்று கேட்டேன். பிரேக் பிடிக்கவில்லை, அதனால் தள்ளுகிறோம் என்றார் அவர். வளைவைத் தாண்டிய இடத்தில் மழையில் சரிந்த மண்ணும் கற்களும் பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தன. அதற்கு முன்பாக, மேலேயிருந்து வருகிறவர்கள் கண்ணில் படும்படி, யாரோ இரண்டு கற்களை வைத்து, பச்சைத் தழை ஒன்றை ஒடித்து அவற்றின் நடுவே செருகிவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் தழை சாய்ந்திருந்தது. அந்தப் பெண் சைக்கிளைத் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டு, குனிந்து அதை நிமிர்த்தி, கல்லை நெருக்கி வைத்துவிட்டு, மறுபடியும் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டாள்.